செண்டுமல்லி வேறு, காலெண்டுலா வேறு

வீட்டில் களிம்பும் சோப்பும் செய்து விற்கிற சகோதரிகளுக்கும், மாடித் தோட்டம் போடுகிற நண்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்



இரண்டு தீபாவளிக்கு முன்னால் நான் 14 டப்பா களிம்பு செய்து விற்றேன். மூடியில் 'காலெண்டுலா களிம்பு' என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன். அந்த 14 டப்பாவில் ஒன்றில்கூடக் காலெண்டுலா இல்லை. இருந்தது செண்டுமல்லி. கோயில் வாசலில் முழம் போட்டு விற்கிற, ஆயுத பூஜைக்கு ஆட்டோவுக்கும் லாரிக்கும் மாலையாகத் தொங்குகிற அதே செண்டுமல்லி.

'உலர்ந்த காலெண்டுலா, 100 கிராம்' என்று அச்சடித்த பொட்டலத்தை நம்பித்தான் வாங்கினேன். விற்றவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அவருக்கும் இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் அடுத்தவர் தோலில் தடவச் சொல்லிக் கொடுத்தது நான். நான் பார்த்திருக்க வேண்டும்.

உண்மை தெரிய வந்தது விதையால். அடுத்த முறை பூவை நாமே வளர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு விதைப் பாக்கெட் வாங்கினேன். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலையில் பிரித்து உள்ளங்கையில் கொட்டினால், பிறை போல வளைந்த, முதுகில் சொரசொரவென்று முள் வைத்த, காய்ந்த புழுவைப் போன்ற விதைகள். செண்டுமல்லி விதையை நம்மில் பார்க்காதவர் யார்? கறுத்த ஊசி, ஒரு முனையில் வெளிறிய குச்சம். சிறு வயதில் வாடிய மாலையைப் பிய்த்து வாசலில் தூவினால் போதும், முளைத்துவிடும். என் கையில் இருந்தது அது இல்லை. விதையே இவ்வளவு வேறாக இருக்கும்போது பூ எப்படி ஒன்றாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தை மாதம் முதல் பூ விரிந்தபோது, மிச்சம் வைத்திருந்த பழைய பொட்டலத்தை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, பக்கத்தில் அந்தப் பூவை வைத்துப் பார்த்தேன். அதன் பிறகுதான் ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் கூப்பிட ஆரம்பித்தேன்.

இந்த மடலை எழுதக் காரணம், நம் வட்டத்தில் நான் மட்டும் இப்படிச் செய்யவில்லை என்பதுதான். கடந்த ஒரு வருடத்தில் நம்மைப் போன்றவர்கள் செய்த 'காலெண்டுலா' சோப்பையும் எண்ணெயையும் எங்கே பார்த்தாலும் கையில் எடுத்துப் பார்க்கிறேன். பலவற்றில் மேலே ஒட்டியிருக்கிற இதழ் செண்டுமல்லி இதழ்.

குழப்பம் ஆங்கிலத்தின் வழியாக வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு செடிக்கும் பேச்சு வழக்கில் ஒரே பெயர், மேரிகோல்ட். காலெண்டுலா அவர்களுக்குப் பழைய மேரிகோல்ட். மெக்சிகோ, நடு அமெரிக்காப் பக்கத்துச் செடியான செண்டுமல்லி 16-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்தபோது, அதையும் ஏதோ ஓர் அடைமொழி சேர்த்து மேரிகோல்ட் என்றே கூப்பிட்டார்கள். மற்ற மொழிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பிரெஞ்சில் காலெண்டுலா 'சூசி', செண்டுமல்லி இனம் 'இந்தியக் கார்னேஷன்' என்று பொருள்படும் வேறொரு பெயர். ஜெர்மனியில் காலெண்டுலாவுக்கு 'ரிங்கெல்ப்ளூமெ', அதாவது சுருள் பூ. நான் கையில் கொட்டிப் பார்த்த அந்தச் சுருண்ட விதையை வைத்தே பெயர் சூட்டிவிட்டார்கள். நாமோ ஆங்கிலப் புத்தகத்தில் 'மேரிகோல்ட் களிம்பு' என்று படிக்கிறோம். மேரிகோல்ட் என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஊருக்கு ஊர் அதற்குப் பெயர் மாறும். எங்கள் பக்கம் செண்டுமல்லி, தோவாளைச் சந்தையில் கேந்தி, இன்னும் சில ஊரில் துலுக்கச் சாமந்தி. எந்தப் பெயரில் கேட்டாலும் கைக்கு வருவது மெக்சிகோச் செடிதான். காலெண்டுலாவுக்குத் தமிழில் பழகிய பெயரே கிடையாது. சமவெளியில் அது வாழ்ந்ததில்லை என்பதால் பெயர் பிறக்கவில்லை. அதனால் நான் காலெண்டுலா என்றே சொல்கிறேன். மாதத்தின் முதல் நாளைக் குறிக்கிற 'காலெண்டே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் வீட்டுச் சுவரில் தேதி கிழிக்கிறோமே, அந்தக் காலண்டருக்கும் அதே வேர்தான். மத்தியதரைக் கடல் பக்கத்து மிதமான குளிர்காலத்தில் மாதம் தவறாமல் பூப்பதால் இந்தப் பெயர் என்பார்கள்.

1753-இல் லின்னேயஸ் இரண்டுக்கும் தனித்தனிப் பேரினப் பெயர் கொடுத்துவிட்டார். ஒன்று காலெண்டுலா அஃபிசினாலிஸ், மற்றது டேஜெட்டஸ் எரெக்டா. சூரியகாந்தி, சாமந்தி எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பத்தில் இரண்டும் உறுப்பினர்கள். உறவு அந்த அளவோடு சரி.

இனி, கடையிலோ பொட்டலத்திலோ எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன். இதைப் பொறுமையாகப் படியுங்கள், மற்ற எதைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.

செடி கண்ணெதிரே இருந்தால் இலையே போதும். செண்டுமல்லி இலை சிறகு போலப் பிளவுபட்டது. கசக்கினால் நமக்கெல்லாம் தெரிந்த அந்தக் காரமான நெடி அடிக்கும். காலெண்டுலா இலை பிளவே இல்லாமல் நாக்கு மாதிரி நீண்டு, மெல்லிய ரோமத்தோடு, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். அதன் வாசனை அடக்கமானது, கொஞ்சம் பிசின் கலந்த பச்சை வாசனை.

உலர்ந்த முழுப் பூ என்றால் திருப்பிப் போட்டு அடியைப் பாருங்கள். செண்டுமல்லியின் அடியில் பச்சைப் பகுதி ஒரே குழலாக ஒட்டிய சின்னக் கிண்ணம். வெளிச்சத்தில் பிடித்தால் அதில் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். காலெண்டுலாவின் அடியில் ஒட்டிய கிண்ணம் கிடையாது. மெல்லிய, கூர்மையான பச்சைச் செதில்கள் தனித்தனியாக நிற்கும், நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம்.

இதழை மட்டும் உதிர்த்து விற்கிறார்களே, அங்கேதான் ஏமாந்து போகிறோம். ஒரு இதழை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊற வையுங்கள். காலெண்டுலா இதழ் நாடா போல நீளமாகவும் ஒல்லியாகவும் விரியும். நுனியில் மூன்று நுண்ணிய பற்கள் இருக்கும், நெடுக நரம்புகள் இணையாக ஓடும். செண்டுமல்லி இதழ் விசிறி மாதிரி அகன்று, ஓரம் அலையலையாகச் சுருங்கியிருக்கும். அதோடு மூக்கையும் நம்புங்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் பூக்கடை வாசனை வந்தால் அது பூக்கடைப் பூ. எனக்கும் அன்றைக்கு வந்தது. நல்ல தரம் போல, வாசனை தூக்கலாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

"அதனால் என்ன, செண்டுமல்லியும் நல்ல பூதானே? பாட்டி காலத்திலிருந்து வைத்தியத்துக்குப் பயன்படுகிறதே?" என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பூவைத் தொடுவதையோ தலையில் வைப்பதையோ நான் குற்றம் சொல்லவில்லை. எண்ணெயில் செறிவாக இறக்கி, நாள்தோறும் முகத்திலும் கையிலும் தடவிக்கொண்டு வெயிலில் போவதைப் பற்றித்தான் பேசுகிறேன். செண்டுமல்லி இனத்தில் ஆல்ஃபா-டெர்தயனைல் என்ற கந்தகச் சேர்மம் இருக்கிறது. சூரிய ஒளி பட்டால் அது வீறுகொண்டு திசுக்களைத் தாக்கக்கூடியது. இந்தக் கவலையால்தான் 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் அழகுசாதனச் சட்டத்தைத் திருத்தியது. டேஜெட்டஸ் பட்டூலா, டேஜெட்டஸ் மினூட்டா என்ற இரண்டு வகையின் சாற்றுக்கும் எண்ணெய்க்கும் உச்சவரம்பு வைத்தார்கள். தோலில் தங்கும் பொருளில் 0.01 சதவீதம், கழுவிவிடும் பொருளில் 0.1 சதவீதம். வெயில் தடுப்புக் கிரீமில் சேர்க்கவே கூடாது. நாம் மாலை கட்டும் டேஜெட்டஸ் எரெக்டாவின் பூச்சாறும் எண்ணெயும் சேர்க்கத் தகாதவற்றின் பட்டியலுக்கே போய்விட்டன. ஐரோப்பிய வெயிலுக்கே இந்த எச்சரிக்கை என்றால், சித்திரை மாதம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற நம் பெண்களை நினைத்துப் பாருங்கள். என் டப்பாக்களில் அந்தப் பொருள் எவ்வளவு இறங்கியிருந்தது என்று அளக்க எனக்கு வழியில்லை. வாங்கியவர்களில் நான் பேசிய யாருக்கும் கெடுதல் வரவில்லை. அது என் நல்ல காலம்.

செண்டுமல்லியை இவ்வளவு சொன்னபின் அதன் பெருமையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தோட்டத்தில் அதன் வேலையே வேறு. மேலே சொன்ன அதே சேர்மம் அதன் வேரிலும் இருக்கிறது. மண்ணுக்கடியில் தக்காளி, கத்தரி வேர்களில் முடிச்சுப் போடுகிற நூற்புழுக்களை அது ஒடுக்கும். ஆனால் தக்காளித் தொட்டி ஓரத்தில் ஒன்றே ஒன்றை நட்டுவிட்டு நூற்புழு ஓடிவிடும் என்று இருக்க வேண்டாம். பாத்தி முழுவதும் நெருக்கமாக நட்டு, இரண்டு மாதத்துக்கு மேல் வளரவிட்டு, பிறகு மடக்கி உழுதால்தான் பலன் தெரியும். அதன் இதழிலிருந்து எடுக்கிற லூட்டின் கண் மாத்திரைக்கும், முட்டையின் மஞ்சள் கரு நிறம் கூடக் கோழித் தீவனத்துக்கும் போகிறது. பூவில் எத்தனையோ நன்மை உண்டு. களிம்பு டப்பாவில் மட்டும் அது இடம் மாறி உட்கார்ந்துவிட்டது.

இப்போது காலெண்டுலா. நண்பர்களே, இதை நாமே வளர்க்க முடியும். பொட்டலத்தை நம்ப வேண்டியதே இல்லை.

என் மாடி கோயம்புத்தூரில். இரண்டு பனிக்காலம் வளர்த்திருக்கிறேன். இது குளிர் விரும்பிச் செடி. நம் சமவெளியில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் அதன் ஆயுள். பங்குனி வெயில் ஏறினால் பூ சிறுத்து, செடி சோர்ந்து போகும். அதைக் காப்பாற்ற நிழல்வலை கட்டி, இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி நான் பட்ட பாடு வீண். அதன் பருவம் முடிந்தது என்று விதையை எடுத்துக்கொண்டு விட்டுவிடுவதே நல்லது. குன்னூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் மே மாதத்திலும் பூக்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பூ தாராளமாகக் கை கொடுக்கும்.

அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைக்கலாம். சென்னைக்காரர்களும் கடலோர மாவட்டத்துக்காரர்களும் பெருமழை ஓயும்வரை பொறுங்கள், ஈரம் தங்கினால் தண்டு அழுகும். விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து மூடுங்கள், இருட்டில்தான் நன்றாக முளைக்கும். ஒரு வாரம், பத்து நாளில் தலை காட்டும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்த சாதாரணக் கலவை போதும். சாணத்தையும் பிண்ணாக்கையும் அள்ளிப் போட்டால் இலைதான் தளதளவென்று வரும், பூ வராது. எட்டு அல்லது பத்து அங்குலத் தொட்டியில் ஒரு செடி. காலை வெயில் நான்கைந்து மணி நேரம் கட்டாயம் வேண்டும். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை பிரியும். விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முதல் பூ. அதன் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை பூப் பறித்தே ஆக வேண்டும். பறிக்காமல் விட்டால் விதை வைத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று செடி அடங்கிவிடும். பறிக்கப் பறிக்கப் பூக்கும்.

இதன் மேல் அசுவினி கட்டாயம் வரும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அசுவினியைத் தேடி, தேனீ போலக் கோடு போட்டு, காற்றில் ஒரே இடத்தில் நின்று பறக்கிற சின்ன ஈ ஒன்று வரும். வேளாண்மைக்காரர்கள் சிர்ஃபிட் ஈ என்பார்கள். வளர்ந்த ஈ தேனுக்காகப் பூவுக்கு வரும், பக்கத்தில் அசுவினிக் கூட்டம் பார்த்து முட்டை வைக்கும், அதன் புழுக்கள் அசுவினியைத் தின்று தீர்க்கும். கத்தரியும் கீரையும் இருக்கும் மாடியில் இரண்டு காலெண்டுலாத் தொட்டி இருந்தால் இந்த ஈக்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. மருந்து அடித்தால் அவையும் சேர்ந்து போகும். பூவைக் களிம்புக்கு எடுக்கப் போகிறீர்கள் என்றால் வேப்பெண்ணெய்கூட வேண்டாம், தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவிவிடுங்கள். பிப்ரவரிப் பனியில் இலையில் சாம்பல் நோய் வரும். அப்படிப்பட்ட இலையைக் கிள்ளி எறிந்து, தொட்டிகளைக் காற்றோட்டமாகத் தள்ளி வையுங்கள்.

ஒன்றை நேரில் பார்த்து ரசியுங்கள். இந்தப் பூ காலையில் வெயிலோடு விரிந்து, மாலையில் கூம்பிவிடும். மேகம் கவிந்தாலும் பாதி மூடிக்கொள்ளும். அதன் விதையும் ஓரத்து இதழ்களின் அடியில்தான் பிடிக்கும், நடுவில் இருக்கும் குழல் பூக்கள் விதை வைப்பதில்லை. சூரியகாந்தியில் நேர் எதிர், அங்கே நடுவட்டம்தான் விதைக்களம். ஒரே தலையில் முள் வைத்த நீள விதை, படகு மாதிரி விதை, வளையம் மாதிரிச் சுருண்ட விதை என்று மூன்று உருவத்தில் கிடைக்கும். கலப்படமோ என்று பயந்து எதையும் எறிந்துவிடாதீர்கள். மூன்றும் அதன் பிள்ளைகளே.

பூவைப் பறிக்க வேண்டிய நேரம் பனி உலர்ந்த பிறகு, காலை ஒன்பது பத்து மணி. முழுதாக விரிந்த தலையைக் காம்பு இல்லாமல் பறியுங்கள். விரலில் பிசின் ஒட்டும். அது ஒட்டினால்தான் நல்ல பூ. புண்ணுக்கும் அழற்சிக்கும் நாம் எதிர்பார்க்கிற ஃபாரடியால் போன்ற சேர்மங்கள் எண்ணெயில் கரைபவை. பூவின் பிசின் அதிகம் இருப்பது அடியில் உள்ள பச்சைப் பகுதியில். அழகுக்காக இதழை மட்டும் உருவி எண்ணெயில் போடுகிறவர்கள் அந்தப் பிசினைக் குப்பையில் போடுகிறார்கள் என்பது என் எண்ணம். எண்ணெய்க்கு முழுத் தலை, சோப்பின் மேல் தூவ இதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காய வைப்பதில்தான் பலர் தோற்கிறோம். முறத்தில் வேட்டித் துணி விரித்து, தலைகளை ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, நிழலில், மின்விசிறிக் காற்றில் வையுங்கள். இதழ் நான்கு நாளில் மொறுமொறுவென்று ஆகிவிடும், உடனே பாட்டிலில் போடத் தோன்றும். போடாதீர்கள். நடுப்பகுதியில் ஈரம் ஒளிந்திருக்கும். தலையை இரண்டாகப் பிட்டால் பிய்யாமல் உடைய வேண்டும், அதற்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடியை மூடிய கண்ணாடிப் பாட்டிலில் ஒரு நாள் வையுங்கள். உள்ளே ஆவி படிந்தால் மறுபடி முறத்துக்கு. இந்த ஈரம் எண்ணெய்க்குள் போனால் பூஞ்சை பிடிக்கும். பிடித்த எண்ணெயை வடிகட்டிச் சரிசெய்ய முடியாது, கொட்டத்தான் வேண்டும்.

அளவு சொல்கிறேன். 10 கிராம் உலர்ந்த பூவுக்கு 100 கிராம் எண்ணெய். நான் நல்லெண்ணெயில் போட்டுப் பார்த்தேன், அதன் வாசனை எல்லாவற்றையும் மூடிவிட்டது. இப்போது பாதி சூரியகாந்தி எண்ணெய், பாதி தேங்காய் எண்ணெய். பூ முழுவதும் எண்ணெயில் மூழ்க வேண்டும். வாயைத் துணியால் கட்டி, பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி, சமையலறை அலமாரியில் நான்கு வாரம், தினமும் ஒரு குலுக்கல். அவசரமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, 60 டிகிரியைத் தாண்டாமல் மூன்று நான்கு மணி நேரம். எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டால் பூவை வறுக்கிறீர்கள் என்று பொருள். வடித்த எண்ணெய் நல்ல தேன் நிறத்தில் இருக்கும். களிம்பாக்க 100 கிராம் எண்ணெய்க்கு 20 முதல் 25 கிராம் தேன்மெழுகு. வெளிநாட்டுக் குறிப்புகளில் இதைவிடக் குறைவாகப் போடச் சொல்வார்கள். நம் ஊர் மே மாதத்தில் அது டப்பாவுக்குள் குழம்பாகிவிடும்.

விட்டமின் ஈ சேர்த்தால் கெடாது என்று நம்மில் பலர் நம்புகிறோம். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதை அது தள்ளிப்போடும். பூஞ்சையையோ கிருமியையோ அது தடுக்காது. எனவே தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேராத களிம்பாகவே செய்யுங்கள், ஈரக் கையால் எடுக்க வேண்டாம் என்று மூடியிலேயே எழுதுங்கள். சோப்பில் காலெண்டுலாவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. காஸ்டிக் சோடாவின் காரத்தில் ரோஜாவும் செம்பருத்தியும் பழுப்பாகிப் போகும், இதன் மஞ்சள் அப்படியே நிற்கும். ஆனால் தேய்த்து உடனே கழுவிவிடுகிற சோப்பில் பூவின் மருந்துக் குணம் எவ்வளவு தோலில் தங்கும்? அழகுக்காகப் போடுகிறோம் என்று வாங்குபவரிடம் நேராகச் சொல்வதில் வெட்கமில்லை.

அப்படியானால் இந்தப் பூ உண்மையில் என்ன செய்யும்? பிரான்சின் லியோன் நகரில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட 254 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. கதிர்வீச்சால் தோல் வெந்து போவதைத் தடுக்க, பாதிப்பேருக்குக் காலெண்டுலாக் களிம்பு, மற்றவர்களுக்கு வழக்கமான வேறொரு மருந்து. தோல் கணிசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் காலெண்டுலாப் பக்கம் 41 சதவீதம், மறுபக்கம் 63 சதவீதம். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு சுவீடனில் 400-க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வையும் படித்தேன். அங்கே சாதாரணக் கிரீமுக்கும் காலெண்டுலாவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. முதலாவதை மட்டும் துண்டுச் சீட்டில் அச்சடித்து விற்பது எளிது. இரண்டையும் படித்தவள் என்ற முறையில் என்னால் அது முடியாது. ஐரோப்பிய மருந்து முகமை இந்தப் பூவைப் பாரம்பரியப் பயன்பாடு என்ற வகையில் ஏற்றிருக்கிறது. வெயிலில் சிவந்த தோல் போன்ற லேசான அழற்சி, சிறு காயம், வாய்க்குள்ளும் தொண்டையிலும் வரும் லேசான அழற்சி ஆகியவற்றுக்கு. நெடுங்காலப் பழக்கத்தின் அடிப்படையில் தரப்பட்ட ஏற்பு அது, சோதனையில் நிரூபணமானதாகக் கருதி அல்ல. என் அனுபவமும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவி வறண்டு வெடித்த கைக்கு, குதிகால் பித்தவெடிப்புக்கு, செருப்புக் கடித்துச் சிவந்த இடத்துக்கு ஆறுதல் தருகிறது. வாய்ப்புண் வந்தால் ஒன்றிரண்டு கிராம் உலர்ந்த பூவை ஒரு டம்ளர் கொதிநீரில் மூடி வைத்து, வடித்து, ஆறிய பின் கொப்பளிப்பேன்.

இதற்கு மேல் கேட்காதீர்கள், கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். தீக்காயத்துக்கு முதல் உதவி குழாய்த் தண்ணீர்தான், 20 நிமிடம். எந்த எண்ணெயும் களிம்பும் அதன் மேல் வேண்டாம். ஆழமான வெட்டு, சீழ் வைத்த புண், சர்க்கரை நோயாளியின் காலில் வந்த சின்னக் கொப்புளம், இவற்றுக்கு நம் டப்பாவைத் திறக்கவே கூடாது. சர்க்கரைக்காரர் காலுக்கு வீட்டு மருந்து போட்டுக் காலம் கடத்தி, விரலை இழந்த ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். கர்ப்பிணிகள் இதை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். பார்த்தீனியம் பட்டால் அரிப்பு வருகிறவர்கள் கவனமாக இருங்கள், காலெண்டுலாவும் அதே குடும்பம். சாமந்தி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதே எச்சரிக்கை. யாராக இருந்தாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டுத் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

விற்கிறவர்களுக்கு இன்னொன்று. அழகுசாதனப் பொருள் தயாரித்து விற்க இந்தியாவில் உரிமம் வேண்டும். 'புண்ணை ஆற்றும்', 'எக்சிமா போகும்' என்று மூடியில் எழுதினால் அது மருந்து என்றாகிவிடும், அதற்குச் சட்டமே வேறு. மேலும், பூவின் தாவரப் பெயரைத் தமிழில் முழுதாக எழுதுங்கள்: காலெண்டுலா அஃபிசினாலிஸ். அதை எழுதக் கை போகும்போதே, இது உண்மையா என்று மனம் ஒரு முறை கேட்கும்.

சமையலைப் பற்றிச் சுருக்கமாக. இதழைச் சாப்பிடலாம், லேசாகக் கசக்கும். 1597-இல் வெளிவந்த தன் மூலிகை நூலில் ஜான் ஜெரார்டு, ஹாலந்துப் பக்கம் மளிகைக்காரர்கள் உலர்ந்த இதழைப் பீப்பாய் பீப்பாயாக வைத்து, குளிர்காலச் சாற்றில் போடுவதற்காகச் சில்லறைக்கு விற்றதை எழுதியிருக்கிறார். வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நிறம் ஏற்றவும் பயன்பட்டிருக்கிறது. நிறம் எண்ணெயில்தான் இறங்கும், நெய்யில் வதக்கிச் சாதத்தில் கலந்தால் அழகாக இருக்கும். இதே காரணத்தால் குங்குமப்பூவில் இதைக் கலப்பவர்களும் உண்டு. உண்மையான குங்குமப்பூ வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாக மஞ்சள் விடும், இழை சிவப்பாகவே கிடக்கும்.

வயலில் அரிவாள் பட்டால் என் அப்பா ஓடிப்போய் வெட்டுக்காயப் பூண்டைப் பறித்துக் கசக்கிப் பிழிவார். அதுவும் காலெண்டுலாவின் குடும்பம்தான். அதன் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம்தான், எப்போதோ வந்து நம் வரப்பில் குடியேறியது. எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதில்லை. ஆனால் பக்கத்தில் முளைத்த வேறு செடியை மாற்றிப் பறித்ததும் இல்லை. இலையை முகர்ந்து, தண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிழிவார்.

அந்த 14 டப்பாவில் 13 திரும்பி வந்துவிட்டன. பணத்தைக் கொடுத்துவிட்டேன், சிலர் வாங்க மறுத்து, தையில் பூத்த பூவில் செய்த புது டப்பாவை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் தெருமுனைப் பள்ளி மைதானத்தில் நடந்த தீபாவளி விற்பனையில், இடுப்பில் பேத்தியோடு வந்த ஒரு அம்மா வாங்கினார். குழந்தையின் தொடை இடுக்குச் சிவந்திருக்கிறது, போடலாமா என்று கேட்டார். போடலாம் என்று சொன்னேன். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அலுமினிய டப்பா, வட்டமானது, 30 கிராம், மூடியில் பச்சைக் காகிதம், அதில் நீல மையில் என் கையெழுத்து. உங்களில் யார் வீட்டு அலமாரியிலாவது, உங்களுக்குத் தெரிந்த யார் வீட்டிலாவது அது இருந்தால், தயவுசெய்து அந்த அம்மாவிடம் இந்த மடலைப் படித்துக் காட்டுங்கள். குழந்தைக்கு அதைப் போட வேண்டாம். இந்தத் தீபாவளி விற்பனையிலும் அதே மைதானத்தில், அதே மூலையில்தான் நான் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
கோயம்புத்தூரிலிருந்து உங்களில் ஒருத்தி